கஞ்சிக்குத் தொட்டுக்கொண்ட கால்

“கோழி. கோழிங்கறேன். கோழியேதான்,” என்று ஜேசுதாசன் போட்ட சத்தம் அடுக்குமாடிப் புளோக்கின் பன்னிரண்டாவது மாடிவரை ஏறியது.

“நீங்க கத்தினா அது கோழி ஆயிடுமா?” அல்போன்சம்மாளின் குரலும் லேசுப்பட்டதல்ல. பதினேழு வருஷமாகக் கோயில் சமையலறையில் அண்டாவுக்கு முன்னால் நின்று அதட்டிப் பழகிய குரல்.

“கோழி இல்லேன்னா என்ன? அதைச் சொல்லுங்க.”

“சொல்ல மாட்டேன்.”

“பார்த்தீங்களா, பார்த்தீங்களா,” என்று ஜேசுதாசன் சுற்றி நின்றவர்கள் பக்கம் திரும்பினார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் ஒரே ஓர் எலும்பு. கடையிலிருந்து தங்கமீன் வாங்கி வந்தவர் போல அதை உயர்த்திப் பிடித்திருந்தார். “கோழியைப் போட்டுட்டு வாயை மூடிக்கிறாங்க.”

புக்கிட் பாத்தோக்கில் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் புளோக்கின் கீழ்த்தளத்தில் இவ்வளவு கூட்டம் சேர்வது சாவுக்குத்தான். இது சாவு இல்லை என்று தெரிந்ததும் கூட்டம் இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்தது.

கார் துடைத்துக்கொண்டிருந்த முபாரக் துணியும் கையுமாக வந்து தூண் ஓரம் நின்றான். வாடகைக்கார் ஓட்டுகிறவன். காலையில் நல்ல சவாரி வரும் நேரம்தான். ஆனால் கைப்பேசி கூப்பிடும்போது ‘ஏற்கவில்லை’ என்று அமுக்குகிற அளவுக்குச் சண்டை ருசியாக இருந்தது.

நடந்தது இவ்வளவுதான். முந்தின நாள் தவக்காலத்து மூன்றாவது வெள்ளி. சிலுவைப்பாதை முடிந்ததும் பங்கின் தமிழர்கள் நூற்று நாற்பது பேர் ஹாலில் உட்கார்ந்து கஞ்சி குடித்தார்கள். தவக்கால வெள்ளி சுத்தபோசன நாள். மீன் ஆகும், கறி ஆகாது. பலகையில் ‘கஞ்சி, துவையல், வறுவல்’ என்று எழுதியிருந்தது. என்ன வறுவல் என்று எழுதவில்லை. யாரும் கேட்கவுமில்லை, வாயில் போட்ட பிறகு கேட்கத் தோன்றவில்லை. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது ஜேசுதாசன் எழுந்து ஓர் எலும்பைத் தூக்கிக் காட்டி, “இது கோழி” என்றார். நூற்று நாற்பது பேரின் சுத்தபோசனமும் அந்த ஒரு எலும்பில் முறிந்தது.

சொன்னவர் லேசான ஆளா? பங்குப் பேரவையின் துணைத்தலைவர். துறைமுகத்தில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். செவ்வாய்க்கிழமை தவறாமல் ஊரின் அந்தக் கோடிக்குப் போய் அந்தோனியார் நவநாள் பார்த்து வருகிறவர். வந்தால் இரவுச் சாப்பாடுகூட வேண்டாம் என்று படுத்துவிடுகிற பக்தர்.

“நாளைக்குத் தமிழ்ப் பூசை முடிஞ்சதும் கூட்டம்,” என்றார் அவர். “சமையலறைச் சாவியைக் கொண்டாந்து மேசைமேல வெச்சுடுங்க, சிஸ்டர்.”

அல்போன்சம்மாளின் கை அவளையறியாமல் இடுப்புப் பக்கம் போனது. சாவி அங்கேதான் இருந்தது.

“அந்தப் பையைக் கொஞ்சம் காட்டுங்கோ,” என்று ஒரு குரல் கேட்டது. காய்கறி வண்டியைத் தள்ளிக்கொண்டு சிவமணி வந்திருந்தாள்.

சிவமணியைப் பற்றி ஒரு வார்த்தை. வயது ஐம்பத்தொன்பது. யாழ்ப்பாண வம்சம், மூன்று தலைமுறையாக இந்த ஊர்தான், ஆனாலும் ஒரு விஷயம் உறுதியாகிவிட்டால் வாயில் ‘ஆமாம்’ வராது, ‘ஓம்’ என்றுதான் வரும். கார் காப்புறுதி நிறுவனத்தில் முப்பத்தோரு வருஷம், யார் காரை யார் இடித்தார்கள், யார் தானே இடித்துக்கொண்டார்கள் என்று பார்த்துச் சொல்வதே வேலை. ஓய்வு பெற்ற பிறகு அந்த மூக்கைச் சும்மா வைத்திருக்க முடியாமல் அக்கம்பக்கத்து மர்மங்களைத் துலக்கி வந்தாள். முபாரக்கின் காரில் கோடு கிழித்தவன் யார் என்று ஒருமுறை அரை மணியில் கண்டுபிடித்துக் கொடுத்தாள். அதிலிருந்து அவன் அவளுக்கு ஓட்டுநர், உதவியாளர், எடுபிடி எல்லாம். சம்பளம் வாய்க்கு வந்ததைப் பேசும் உரிமை.

சிவமணி பையை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பினாள். ஜேசுதாசனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“கோழிதானே?” என்றார் அவர்.

“எலும்புதான்,” என்றாள் சிவமணி.

அவர் அதைத் தன் கட்சிக்கு விழுந்த ஓட்டாக எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார். கூட்டமும் மெல்லக் கலைந்தது. அல்போன்சம்மாள் கல்மேசை அருகே உட்கார்ந்தாள். சிவமணி எதிரில் உட்கார்ந்தாள். முபாரக் உட்காரவில்லை, நின்றால்தான் காதில் நன்றாக விழும் என்பது அவன் கட்சி.

“சுத்தபோசனத்துக்கு விரோதமா நான் ஒண்ணும் செய்யலைக்கா. மாதாமேல ஆணை.”

“என்ன போட்டனீன்னு சொன்னா முடிஞ்சுதே.”

“அதைச் சொல்ல முடியாது.”

“எனக்குமா?”

“முக்கியமா உங்களுக்குத்தான். ஒண்ணைச் சொன்னா ஒன்பதைக் கேப்பீங்க.”

முபாரக் இருமினான். சிரிப்பை மறைக்க அவனுக்கு வேறு வழி தெரியாது.

“சாவி போயிடுமே, அல்போன்ஸ்,” என்றாள் சிவமணி.

“தெரியும்.” அவள் மேசையில் கிடந்த இலைத் துணுக்கை விரலால் தள்ளினாள். “அவர் போய் ஒன்பது வருஷம். ஞாயித்துக்கிழமைன்னா எனக்கு அந்த அடுப்புதான்கா. சாவியைக் குடுத்துட்டா நான் என்ன பண்ணுவேன்? அங்க போய் பெஞ்சுல உக்காந்து, யாரோ செஞ்ச ரவா உப்புமாவை நல்லாருக்குன்னு சொல்லணும். என்னால முடியாது.”

அதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

காரில் ஏறியதும் முபாரக் கேட்டான். “என்னக்கா, கோழியா இல்லையா?”

“நீ கோழிக்கால் சாப்பிட்டிருக்கியா?”

“நான் வளர்ந்ததே பிரியாணி சட்டிக்குள்ளதான்.”

“காலைக் கடிச்சா பெரிய எலும்புக்குப் பக்கத்துல என்ன இருக்கும்?”

முபாரக் யோசித்தான். “ஊசி மாதிரி ஒண்ணு. சின்ன வயசுல அதாலயே பல்லு குத்தி அம்மாகிட்ட அடி வாங்கியிருக்கேன்.”

“ஓம். இதுவும் முழங்காலுக்குக் கீழ் எலும்புதான். ஆனா ஊசி இல்லை. ரெண்டு எலும்பும் ஒண்ணா ஒட்டியே பிறந்திருக்கு. முனையில கோடு மட்டும் தெரியுது. எந்தக் கோழிக்கும் இப்படிக் கால் கிடையாது.”

“அப்போ கேஸ் முடிஞ்சுது லா. போய்ச் சொல்லிடலாம்.”

“‘கோழி இல்லை’ன்னு சொன்னா அடுத்த நிமிஷம் ‘அப்போ எலியா’ம்பாங்க. பேர் தெரியாத கறி கோழியைவிட மோசம். கோயிலுக்கு விடு.”

*

கோயில் சமையலறையில் ஷார்லீன் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள். வங்கியில் வேலை, வீட்டில் இரண்டு பிள்ளைகள். இரண்டிலிருந்தும் தப்பிக்கத்தான் அண்டா தேய்க்க வருகிறாள் என்று அவளே சொல்வாள். ஒரு கேள்வி கேட்டால் போதும், மற்றதை அவளே கேட்டு அவளே பதில் சொல்லிவிடுவாள்.

“நான் யார்கிட்டயும் சொல்லல ஆன்ட்டி, உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன்,” என்று ஆரம்பித்தாள். முபாரக் கதவைச் சாத்தினான். சாத்தாவிட்டாலும் அவள் சொல்லியிருப்பாள். “நேத்து மத்தியானம் அல்போன்ஸ் ஆன்ட்டி அந்தக் கறியில உப்பைப் போட்டாங்க. கறி ஆடுச்சு.”

“ஆடுச்சுன்னா?”

“டான்ஸ் லா. உதறுச்சு. நான் மாதாவேன்னு ஓடிப்போய் ஸ்டோர்ரூம்ல நின்னுட்டேன். ஆன்ட்டி ‘ஒண்ணுமில்ல, ஏர்கான் காத்து’ன்னாங்க.” ஷார்லீன் கையை உதறிக்கொண்டாள். “இந்த கிச்சன்ல ஏர்கானே கிடையாது.”

“அப்புறமும் பரிமாறினியா?”

“செம வாசனை ஆன்ட்டி. காய்ஞ்ச மிளகாய், இஞ்சி, கறுப்பு சாஸ் போட்டுப் புரட்டினாங்க. நானே ரெண்டு தட்டு சாப்பிட்டேன்.”

சிவமணி கழுவுதொட்டியில் குனிந்து, தண்ணீர் இறங்கும் சல்லடையை எடுத்தாள். அதில் பச்சையாக ஏதோ சிக்கியிருந்தது. நீளமான இலையைக் கிழித்து, சுருக்குப் போட்டு, பூமாதிரி முடிந்த ஒரு முடிச்சு. குப்பைத்தொட்டியைக் கிளறினால் அதேபோல இன்னும் பதின்மூன்று.

“பாண்டான்,” என்றான் முபாரக்.

“ரம்பை,” என்றாள் சிவமணி, அதே வாசனை இலைக்கு யாழ்ப்பாணத்துப் பேரை விட்டுக்கொடுக்காமல். “கறியை எதுல கட்டி வந்துச்சு, ஷார்லீன்?”

“ஐஸ் பெட்டியில. ஒவ்வொரு கட்டையும் இதாலதான் கட்டியிருந்துச்சு. அவிழ்க்கவே மனசு வரல, அவ்ளோ அழகு.”

“சரி. யார் யார் எப்படிச் சாப்பிட்டாங்க?”

முபாரக் கண்ணை உருட்டினான். என்ன சாப்பிட்டார்கள் என்பது கேள்வி, எப்படிச் சாப்பிட்டார்கள் என்பது ஒரு கேள்வியா? ஆனால் ஷார்லீனுக்கு அதற்கும் பதில் இருந்தது.

“எல்லாரும் போல லா. கஞ்சி கிண்ணத்துல, வறுவல் தட்டுல, தொட்டுக்கிட்டாங்க. ஜேசுதாசன் அங்கிள்தான் படுத்திட்டார். சாஸை மட்டும் தனியா வழிச்சுக் கஞ்சி நடுவுல ஊத்தச் சொன்னார். கலக்காதேன்னார். ஸ்ப்ரிங் ஆனியன் இருக்கான்னார், இஞ்சிச் சீவல் இருக்கான்னார். மூணு தட்டு. அப்புறம் என்ன தோணுச்சோ, எழுந்து கோழின்னு கத்தறார்.”

“ஓம்,” என்றாள் சிவமணி.

முபாரக் அவளைத் திரும்பிப் பார்த்தான். எதற்கு இந்த ஓம் என்று அவனுக்குப் புரியவில்லை. கேட்டால் சொல்லவும் மாட்டாள்.

*

“தவளை,” என்றாள் சிவமணி, கார் விரைவுச்சாலையில் ஏறினதும்.

முபாரக்கின் கால் பிரேக்கில் லேசாக அழுந்தியது. “எங்க?”

“கஞ்சியில. உப்புப் பட்டா உதறுற கால் அதுதான். அதுவும் வெட்டி சில மணி நேரத்துக்குள்ள இருந்தாத்தான் உதறும்.”

“அக்கா, எனக்கு அது ஹராம். பின்னாடி உக்காந்துக்கிறேன், நீங்க ஓட்டுங்க.”

“சாப்பிடத்தானே ஹராம். பேசலாம், பார்க்கலாம். தேக்கா போ.”

தேக்கா சந்தையில் மீனும் கறியும் விற்கும் ஈரப்பகுதியில் ஒரு சீனப் பெரியவர் வலைக்கூடையில் தவளைகளை உயிரோடு வைத்து விற்றுக்கொண்டிருந்தார். முபாரக் அவரிடம் மலாயில் பேசினான். அவர் அதைவிட மோசமான மலாயில் பதில் சொன்னார். இருவருக்கும் நன்றாகப் புரிந்தது. ஓர் இந்தியப் பெண் நேற்று நிறைய வாங்கினாளா?

பெரியவர் சிரித்தார். “உங்க ஆளுங்க வருவாங்க. ஒத்தை ஒத்தையா வருவாங்க. பேர் கேட்டா சொல்ல மாட்டாங்க. மொத்தமா வாங்கினவங்க யாருமில்ல.”

சிவமணி பச்சை முடிச்சை நீட்டினாள். “இப்படிக் கட்டித் தருவீங்களான்னு கேள்.”

அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் கடையில் தொங்கிய பிளாஸ்டிக் பைகளையும் ரப்பர் வளையங்களையும் காட்டினார். பிறகு ஏதோ சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டார்.

“என்னவாம்?”

“நாப்பது வருஷத்துல பெண்டாட்டிக்குக்கூட அவர் இப்படி எதையும் கட்டிக் குடுத்ததில்லையாம்.”

சிவமணியின் முகம் மலர்ந்தது. முப்பத்தோரு வருஷத்தில் எத்தனையோ பொய்க் கணக்குக்காரர்களை மிரள வைத்த முகமலர்ச்சி அது.

“கேட்டியா? வியாபாரி ரப்பர் வளையம் போடுவான். தவளைக்காலை ரம்பையால முடிச்சுப் போட்டுத் தர்றவன் வியாபாரம் பண்ணலை. நூத்து நாப்பது பேருக்குப் போதுமான அளவு, வெட்டின சூடு ஆறாம, இப்படிச் சிங்காரிச்சுத் தர யாரால முடியும்?”

“வளர்க்கிறவரால.”

“நீ சில நேரம் நல்லாத்தான் யோசிக்கிறாய். கிராஞ்சிக்கு விடு, பண்ணையெல்லாம் அங்கதான்.”

*

கிராஞ்சியில் பஸ் அபூர்வம், நிழல் அதைவிட அபூர்வம். பண்ணைகளுக்கு நடுவில் தவளை வளர்க்கும் இடம் ஒன்று இருந்தது. வாசலிலிருந்தே கொர்கொர் சத்தம். முபாரக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளேயே இருப்பதாகச் சொன்னான். பிறகு ஆவல் தாங்காமல் இறங்கினான்.

சிமெண்டுத் தொட்டிகள் வரிசையாக இருந்தன. வரிசையின் ஓரம் முழுக்கப் பாண்டான் புதர். புதருக்குப் பக்கத்தில் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருவர் தண்ணீர்க் குழாயோடு நின்றார். அறுபது இருக்கும். வெள்ளை மீசையை அன்று காலைதான் யாருக்காகவோ ஒழுங்கு பண்ணியிருந்தார் போலிருந்தது.

“எங்க அல்போன்ஸுக்கு நீங்கதானே தவளை குடுத்தது?” என்றாள் சிவமணி, வணக்கம்கூடச் சொல்லாமல்.

குழாய் அவர் பூட்ஸ் மேலேயே கொட்டியது. “அவங்களா சொன்னாங்க?”

“அவ வாயே திறக்கலை. உங்க ரம்பை சொல்லிச்சு.”

“பாண்டான்,” என்றான் முபாரக், யாரும் கேட்காமலே.

பேர் எட்மண்ட் என்றார். உட்லண்ட்ஸில் வீடு. பண்ணையின் மேற்பார்வையாளர். மனைவி இறந்து ஆறு வருஷம். போன ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்குப் போன பஸ்ஸில் அல்போன்சம்மாளுக்கு அடுத்த இருக்கை. போகும்போது பத்து மணி நேரம் அவள் சமையலைப் பற்றிப் பேசினாள், வரும்போது பத்து மணி நேரம் அவர் தவளையைப் பற்றிப் பேசினார்.

“இருபது மணி நேரம் தவளையும் அண்டாவும்,” என்றான் முபாரக். “அதுக்கு மேல ஒரு மனுஷனுக்கு என்ன வேணும்.”

“ஒவ்வொரு தவக்காலமும் அதே நெத்திலி, அதே கருவாடுன்னு எல்லாரும் முகம் சுளிக்கிறாங்கன்னு வருத்தப்பட்டாங்க,” என்றார் எட்மண்ட். “தவளை சுத்தபோசனத்துக்கு ஆகும்னு நான் எங்க ஃபாதர்கிட்ட கேட்டுட்டுத்தான் சொன்னேன். தண்ணியில பிறந்தது, குளிர்ந்த ரத்தம். தடை இல்லை.”

“அதை அவ சொல்லியிருக்கலாமே.”

“தவளைன்னா சாப்பிட மாட்டாங்கன்னு பயம். அது ஒண்ணு.” அவர் குழாயை மூடப் போனார். ஏற்கெனவே மூடியிருந்த குழாயை இன்னும் இறுக்கினார்.

“ரெண்டாவது நீங்க,” என்றாள் சிவமணி.

“தவளைன்னா எங்க வாங்கினேம்பாங்க. வாங்கலை, குடுத்தாங்கன்னா, யார் குடுத்தாம்பாங்க. ‘ஐம்பத்தஞ்சு வயசுல என்னைப் பத்தி பேச்சு வேணாம், ஈஸ்டர் முடியட்டும், அப்புறம் பதில் சொல்றேன்’னாங்க.” மீசையைத் தடவினார். “சாவியை வாங்கப்போறாங்களாமே. நாளைக்கு நானே வந்து சொல்லிடறேன்.”

“வந்தீங்கன்னா தவளையை விட்டுட்டு உங்களைப் பிடிச்சுக்குவாங்க. சும்மா இருங்கோ. மீசையை மட்டும் தொடாதீங்கோ, நல்லாத்தான் இருக்கு.”

திரும்பும் வழியில் முபாரக்குக்கு உற்சாகம் தாங்கவில்லை. “முடிஞ்சுது லா அக்கா. நாளைக்கு எழுந்து நின்னு தவளை, சுத்தபோசனம், சட்டப்படி சரின்னு சொல்லிட்டு உக்காருங்க.”

“சட்டப்படி சரி. வயிறு சட்டம் படிச்சிருக்கா? நூத்து நாப்பது பேரும் வாந்தி எடுக்க ஓடுவாங்க. கோழி போட்டவளுக்காவது மன்னிப்பு உண்டு. தவளை போட்டவ கையால அப்புறம் யாரும் தண்ணிகூட வாங்கிக் குடிக்க மாட்டாங்க.”

முபாரக் கணக்குப் போட்டுப் பார்த்தான். கண்டுபிடித்ததைச் சொன்னாலும் சாவி போகும், சொல்லாவிட்டாலும் போகும். இப்படி ஒரு கேஸை அவன் பார்த்ததில்லை.

“யாராவது எழுந்து ‘தவளை நல்ல சாமான், நான் சாப்பிடறவன்’னு சொல்லணும்,” என்றாள் சிவமணி. “நீயும் நானும் சொல்லி ஆகாது. மரியாதைப்பட்ட ஆள், அவங்க ஆளாவே இருக்கணும்.”

“அப்படி ஒரு ஆளுக்கு எங்க போறது?”

“காலையில ஒருத்தர் ‘கோழி’ன்னு ஆறு தடவை சொன்னார். நான் எண்ணினேன். கோழி சாப்பிட்டவன் ஒரு தடவை சொன்னாப் போதும். நாளைக்கு ஏழரைக்கு அவரைக் கோயிலுக்கு நாம கூட்டிட்டுப் போறோம்.”

*

ஞாயிறு காலை, பாடகர் குழுவில் பாடுகிற மனைவி பிலோமினா முன்னாடியே போய்விட்டிருந்தாள். ஜேசுதாசன் கோட்டுப் போட்டுக்கொண்டு பின் இருக்கையில் ஏறினார். மடியில் எலும்புப் பை.

முதல் சிக்னலில் கார் நின்றது.

“கேலாங்ல எந்தக் கடை, பிரதர்?” என்றாள் சிவமணி, முன் இருக்கையிலிருந்து திரும்பாமல்.

“என்ன கடை?”

“தவளைக் கஞ்சிக் கடை.”

முபாரக் கண்ணாடியில் பார்த்தான். ஜேசுதாசனின் முகத்தில் எதுவும் அசையவில்லை. கை மட்டும் பையை இறுக்கிப் பிடித்தது.

“நூத்து நாப்பது பேர்ல ஒருத்தருக்குத்தான் வெள்ளைக் கஞ்சி நடுவுல சாஸை ஊத்தி, கலக்காம, ஸ்ப்ரிங் ஆனியனும் இஞ்சியும் தூவிச் சாப்பிடத் தெரிஞ்சிருக்கு. நம்ம வீட்டுல யாரும் அப்படிச் சாப்பிடறதில்லை. அது அந்தக் கடையில மண்சட்டி முன்னாடி உக்காந்து பழகின கை. முதல் வாயிலயே உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. கோழின்னு நீங்க ஒரு நிமிஷம்கூட நினைக்கலை.”

“நான்…”

“செவ்வாய்க்கிழமை ராத்திரி சாப்பாடு வேணாம்னு படுத்துக்கிறீங்களாமே,” என்றான் முபாரக். “பக்தியில வயிறு நிறைஞ்சிடும்னு நானும் கேள்விப்பட்டிருக்கேன்.”

கார் இரண்டு திருப்பம் திரும்பியது. பிறகு ஜேசுதாசன் பேசினார். பேரவைக் குரல் எங்கேயோ போயிருந்தது.

“நவநாளுக்குப் போறது நிஜம். முடிஞ்சு வெளிய வந்தா வாசனை இழுக்குது. ஆறு வருஷம் ஆச்சு. கேலாங்னு சொன்னாலே சிவப்பு விளக்குத் தெருன்னு வீட்டுல தப்பா நினைப்பாங்க. எதுக்குப் போனேன்னு கேட்டா, தவளை திங்கன்னு சொன்னா நம்புவாங்களா? நம்பினா மட்டும் நல்லதா?”

“வெள்ளிக்கிழமை ஏன் கத்தினீங்க? பேசாம நாலாவது தட்டு வாங்கியிருக்கலாமே.”

“பிலோமினா.” பெருமூச்சு விட்டார். “ஒரு வாய் சாப்பிட்டா. நிறுத்தினா. தட்டை மோந்து பார்த்தா. அப்புறம் சாய்ஞ்சு என் சட்டைக் கையை மோந்து பார்த்தா. ‘இது உங்க செவ்வாய்க்கிழமை வாசனையாச்சே’ன்னு ஆரம்பிச்சா. வாய்க்கு வந்ததைக் கத்திட்டேன். கத்தினப்புறம் நிறுத்தத் தெரியல.”

முபாரக்குக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த மனிதரின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு அதை விழுங்கினான்.

“உங்க பேச்சை நான் யார்கிட்டயும் சொல்லப்போறதில்லை,” என்றாள் சிவமணி. “நீங்க சும்மா உக்காந்திருந்தா உங்க ரகசியம் பத்திரம். அல்போன்ஸ் மட்டும் அடுப்பை விட்டுப் போவா. அவளுக்கு அது ஒண்ணுதான் இருக்கு. அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. முபாரக், இங்க இடதுபக்கம்.”

*

பூசை முடிந்ததும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. ஹாலில் நாற்காலி போதாமல் ஜன்னல் விளிம்பில் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். ஃபாதர் நடுவில். மேசைமேல் சாவி. அல்போன்சம்மாள் கொண்டுவந்து வைத்துவிட்டு, அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முபாரக்கும் சிவமணியும் கதவோரம்.

ஜேசுதாசன் எழுந்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டார். அவிழ்த்தார்.

“அது கோழி இல்லை,” என்றார். “தவளை.”

ஹாலில் நூற்று நாற்பது பேர் மூச்சை உள்ளே இழுத்தால் எப்படி இருக்கும் என்று முபாரக்குக்கு அன்றைக்குத் தெரிந்தது. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தே விட்டாள்.

“உக்காருங்க சிஸ்டர். ரெண்டு தட்டு வாங்கினீங்க, நான் பார்த்தேன்,” என்றார் ஜேசுதாசன். “நல்ல தவளை. எனக்கு நல்லாத் தெரியும், ஏன்னா ஆறு வருஷமா செவ்வாய்க்கிழமை தவறாம கேலாங்ல தவளைக் கஞ்சி சாப்பிடறேன். எந்தக் கடையிலயும் நான் இப்படி ஒரு ருசி பார்த்ததில்லை. தெரிஞ்சே கோழின்னு சொன்னேன். பாவம் என்னோடது. அந்த அம்மாவோடது இல்லை.”

யாரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் பிலோமினா மேல்.

பிலோமினா பாட்டுப் புத்தகத்தை மூடினாள். “ஆறு வருஷம்,” என்றாள்.

“பிலோமி…”

“முந்நூறு செவ்வாய்க்கிழமை. ஒரு நாளாவது எனக்கு ஒரு பார்சல் கட்டிக்கிட்டு வரணும்னு தோணலை.”

சிரிப்பு முதலில் ஃபாதரிடமிருந்துதான் வந்தது என்று சிலர் சொல்கிறார்கள், அவர் மறுக்கிறார். சிரித்து முடித்ததும், தவளை நீர்வாழ் கணக்கில்தான் வரும், சுத்தபோசனம் முறியவில்லை என்று அவர் முறைப்படி அறிவித்தார். பாடகர் குழுத் தலைவர் மெதுவாக, “பிரதர், எந்தக் கடை? பாலத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா?” என்றார். பின்வரிசையில் ஒருவர், இந்தப் பக்கத்துக் கடையில் சாஸ் நீர்த்திருக்கும் என்றார். இன்னொருவர் அதை மறுத்தார். பத்து நிமிஷம் அதுவே கூட்டமாக நடந்தது.

ஜேசுதாசன் சாவியை எடுத்து அல்போன்சம்மாளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு இடுப்பில் செருகினாள். அதுவரை வராத கண்ணீர் அப்போது வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, “இஞ்சி இன்னும் கொஞ்சம் போட்டிருக்கணும்,” என்றாள்.

“அது சரி ஆன்ட்டி, தவளை எங்க வாங்கினீங்க?” என்றாள் ஷார்லீன். கேட்காமல் இருக்க அவளால் முடியாது.

“வாங்கல. ஒருத்தர் குடுத்தார்.”

“எந்த ஒருத்தர்?”

ஹாலில் எல்லார் தலையும் அவள் பக்கம் திரும்பியது. முபாரக் சிவமணியைப் பார்த்தான். அவள் கூரையைப் பார்த்தாள். அல்போன்சம்மாள் ஒரு நிமிஷம் யோசித்தாள். இத்தனை பேர் நடுவில் ஜேசுதாசனே சொல்லிவிட்டார், நமக்கென்ன என்று தோன்றியிருக்க வேண்டும்.

“நான் கட்டிக்கப்போறவர்,” என்றாள்.

அந்த வாரம் முழுக்க ஜேசுதாசனைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பேச நேரம் எங்கே இருந்தது?

ஈஸ்டருக்குப் பிறகு மூன்று ஞாயிறு கோயிலில் மண ஓலை வாசித்து, ஆகஸ்டில் அல்போன்சம்மாளுக்கும் எட்மண்டுக்கும் கல்யாணம் நடந்தது. விருந்தில் கோழியும் இருந்தது, தவளையும் இருந்தது. முதலில் தீர்ந்தது எது என்பதைச் சொல்லத் தேவையில்லை. அவள் உட்லண்ட்ஸுக்குக் குடிபோனாலும் வெள்ளி, ஞாயிறு இரண்டு நாளும் பண்ணை லாரியில் வந்து இறங்கிவிடுகிறாள். உட்லண்ட்ஸ் பங்கில் அவளை வளைத்துப் போடப் பார்க்கிறார்கள் என்று ஒரு வதந்தி உண்டு. அந்தக் கல்யாணத்தில் பந்தி பரிமாற வந்த பிலோமினாவின் தங்கை மகள் வினுஷா, எட்மண்டின் அக்கா மகன் ஜேடனோடு அடிக்கடி கிராஞ்சிப் பக்கம் காணப்படுவதாக முபாரக் சொல்கிறான். சவாரி போன இடத்தில் பார்த்தானாம்.

ஜேசுதாசனும் பிலோமினாவும் புக்கிட் பாத்தோக்கின் ஐந்தறை வீட்டை விற்றுவிட்டு, கேலாங்கில் ஒரு சின்ன வீடு பார்த்துப் போய்விட்டார்கள். வீட்டைத் தேர்ந்தெடுத்தது பிலோமினா. பேத்தியின் பள்ளிக்கூடம் பக்கம் என்று காரணம் சொல்கிறார்கள். பேத்திக்கு இன்னும் எட்டு மாதம்தான் ஆகிறது.